எட்டாவது வாசல்

1991-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பிரெஞ்சுக் கால்பந்துச் சம்மேளனத்தின் ஒழுங்கு விசாரணைக் குழுவினர், தங்கள் முன் வந்து நின்ற இருபத்தைந்து வயது ஆட்டக்காரர் ஒருவருக்கு ஒரு மாத காலம் ஆடக்கூடாதென்று தண்டனை விதித்தபோது, அந்த ஆட்டக்காரர் குழுவினர் அமர்ந்திருந்த இடத்துக்கே சென்று, ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராக நின்று, ஒவ்வொருவரையும் தனித்தனியே 'முட்டாள்' என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். ஒரு மாதத் தண்டனை இரண்டு மாதமாயிற்று. அவரோ, தண்டனை முடியும்வரை காத்திருப்பானேன் என்று எண்ணியவர்போல, கால்பந்து ஆட்டத்துக்கே முழுக்குப் போடுவதாக டிசம்பர் 16-ஆம் தேதி அறிவித்துவிட்டார். கோபம் வந்தவன் கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகத் திட்டிவிட்டுப் போவது உலக வழக்கம். ஆள் ஆளாகச் சென்று, ஒருவரையும் விட்டுவிடாமல், ஒரு கடமையை நிறைவேற்றுவதைப்போல் திட்ட வேண்டுமென்று தோன்றியதே, அதிலேயே எரிக் காண்டோனா என்ற மனிதரின் சுபாவம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்த விசாரணைக்குக் காரணமான குற்றம் அற்பமானதுதான். நீம் நகரத்து அணிக்காக ஆடிக்கொண்டிருந்த அவர், நடுவரின் தீர்ப்பு ஒன்று அநியாயமென்று பட்டவுடன் பந்தை எடுத்து அந்த நடுவர் மேலேயே எறிந்துவிட்டார். அதற்கு முன் அவர் செய்துவிட்டு வந்த காரியங்களோடு ஒப்பிட்டால் இதைக் குழந்தைத்தனம் என்றே சொல்லிவிடலாம்.

காண்டோனா 1966-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி மார்செய் துறைமுக நகரத்தில் பிறந்தவர். தந்தை வழியில் சார்டினியா தீவிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். தாய் வழித் தாத்தாவோ ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்தில் குடியரசுக் கட்சியின் பக்கம் நின்று, தோல்விக்குப் பின் பிரான்சுக்குள் அகதியாக வந்த கட்டலோனியர். தகப்பனார் மனநோய் மருத்துவமனையில் ஆண் செவிலியராக வேலை பார்த்துக்கொண்டே ஓவியம் தீட்டுவதில் ஈடுபாடு கொண்டவர். அதிகாரத்தின் முன் பணியாத ரத்தமும் வர்ணக் கிண்ணமும் ஒரே வீட்டில் கலந்தால் என்ன பிறக்குமோ அது பிறந்தது என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் அதே வீட்டில் பிறந்து, அதே பந்தை உதைத்து வளர்ந்த அவருடைய சகோதரர்கள் எந்த விசாரணைக் குழுவையும் முட்டாளாக்கவில்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பரம்பரையைக் கொண்டு மனிதனை விளக்குவது ஓரளவுக்குத்தான் செல்லும்.

ஓசேர் என்ற சிறிய ஊரின் அணிதான் முதல் வாசல். கீ ரூ என்ற கண்டிப்பும் சிக்கனமும் நிறைந்த மானேஜர் அவரைப் பதின்ம வயதில் சேர்த்துக்கொண்டு, 1983-இல் முதன்முதலாகப் பெரியவர்கள் ஆட்டத்தில் இறக்கினார்; நடுவே மார்த்தீக் என்ற ஊருக்கு இரவலாக அனுப்பி, திரும்ப அழைத்துக்கொண்டார். காண்டோனா தம் அணியின் கோல்காவலரையே 1987-இல் முகத்தில் குத்தினார். மறு வருஷம் எதிரணி ஆட்டக்காரர் ஒருவரை ஆபத்தாகத் தாக்கி நீண்ட தடை பெற்றார். இத்தனைக்கும் பிறகு, பிறந்த ஊரான மார்செய் அணி, பிரான்சில் அதுவரை யாருக்கும் கொடுத்திராத தொகையான 2 கோடியே 20 லட்சம் பிராங்க் கொடுத்து 1988-இல் அவரை வாங்கிற்று. வாங்கிய சில வாரங்களிலேயே, தேசிய அணியில் தமக்கு இடம் கிடைக்காத ஆத்திரத்தில், அதன் மானேஜர் ஆன்ரி மிஷேலைத் தொலைக்காட்சியில் அச்சில் ஏற்றத் தகாத சொல்லால் வைது, தேசிய அணியிலிருந்து சில காலம் விலக்கப்பட்டார். ஆர்மீனிய நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களின் உதவிக்காக நடந்த ஓர் ஆட்டத்தில், வெளியே அழைக்கப்பட்டதும் பந்தைக் கூட்டத்துக்குள் உதைத்துச் சட்டையைக் கழற்றி வீசினார். தர்ம காரியத்துக்காக நடக்கும் ஆட்டத்திலும் கோபத்தை அடக்கத் தெரியாதவரை மார்செய் அணியார் போர்தோவுக்கு இரவல் கொடுத்தார்கள், பிறகு மோன்பெலியேவுக்கு. அங்கே சக ஆட்டக்காரர் ஒருவரின் முகத்தில் காலணிகளை எறிந்ததைக் கண்டு ஆறு பேர் கூடி அவரை வெளியேற்றச் சொன்னார்கள். அணித் தோழர்களான லோரான் பிளாங்கும் கொலம்பியாக்காரரான வால்டர்ராமாவும் பரிந்து பேசியதால் சில தினங்களுக்கு மட்டும் விலக்கி வைக்கப்பட்டார். அந்தப் பருவத்திலேயே மோன்பெலியே அணி பிரெஞ்சுக் கோப்பையை வென்றது. காண்டோனாவின் சரித்திரத்தில் இது ஒரு விசித்திரம்: அவர் சென்ற இடங்களில் கலகமும் கோப்பையும் பெரும்பாலும் சேர்ந்தே வந்தன.

கோபம் இருக்கும் இடத்தில் குணம் இருக்கும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. சிடுசிடுப்பான மாமாக்களையும் கடுகடுப்பான வாத்தியார்களையும் பொறுத்துக்கொள்வதற்காக நம்மவர்கள் கண்டுபிடித்த சமாதானம் அது என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். இந்த ஆட்டக்காரரின் வரலாற்றைப் படித்த பிறகோ, அந்தப் பழமொழியில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்று தோன்றுகிறது: எந்தக் கோபம், எதன்மேல் வருகிற கோபம், என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன் கண்ணுக்குத்தானே அதன் பின்னாலுள்ள குணம் தென்படும்? பிரான்சில் ஆறு கிளப்புகள் அவரை வைத்திருந்தன. ஆறும் அவருடைய திறமையை நன்றாகவே கண்டுகொண்டன. கோபத்தை மட்டும் ஒருவரும் ஆராய்ந்து பார்க்கவில்லை. ஒன்று பொறுத்தார்கள், இல்லையேல் துரத்தினார்கள்.

ஓய்வு பெற்றவரை ஓய்விலிருந்து எழுப்பியவர் மிஷேல் பிளாட்டினி. அப்போது பிரெஞ்சு தேசிய அணியின் மானேஜராக இருந்த அவர், தம் உதவியாளர் ஜெரார் ஹூலியேயோடு சேர்ந்து, பிரான்சில் எல்லாக் கதவும் சாத்திக்கொண்ட நிலையில் இங்கிலாந்துக்குப் போய்ப் பார்க்கும்படி அவரைத் தூண்டினார். 1992-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஷெபீல்டு வெட்னஸ்டே அணியினர் அவரை வரவழைத்தார்கள். பனி உறைந்து கிடந்த தரையில் வெளியே ஆட வகையில்லாமல் போகவே, இன்னும் ஒரு வாரம் இருந்து ஆடிக் காட்டும்படி கேட்டார்கள். பிரான்சின் தேசிய அணியில் ஆடியவரிடம் பரீட்சை கேட்பதா என்று அவர் புறப்பட்டுவிட்டார். பக்கத்து ஊரான லீட்ஸில் ஹாவர்ட் வில்கின்சன் என்ற மானேஜர் பரீட்சை எதுவும் வைக்காமல் சேர்த்துக்கொண்டார். மூன்றே மாதத்தில் லீட்ஸ் இங்கிலாந்தின் சாம்பியன் ஆயிற்று. காண்டோனா அந்தப் பருவத்தில் அடித்தது மூன்று கோல்தான். ஆனாலும் ரசிகர்கள் அவர் பெயரையே பாட்டாகப் பாடினார்கள்.

வில்கின்சன் முறைமை தவறாதவர். யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும், பந்து எப்போது யாரிடம் போக வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே வகுத்துவிடுகிறவர். காண்டோனாவோ எங்கே நிற்கக்கூடாதென்று சொல்லப்பட்டதோ அங்கே நின்றால்தான் ஆட்டம் தெரிகிறதென்று நினைக்கிறவர். அவர் சில ஆட்டங்களில் உட்கார வைக்கப்பட்டார், மனம் கசந்தார், பிரிந்துபோக விரும்பினார்.

அந்தச் சமயத்தில்தான் கால்பந்து உலகில் பலமுறை சொல்லப்பட்டுவிட்ட அந்தத் தொலைபேசி அழைப்பு நிகழ்ந்தது. 1992 நவம்பரில் லீட்ஸ் நிர்வாகி ஒருவர் மான்செஸ்டர் யுனைடெட் தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸை அழைத்து, டெனிஸ் இர்வின் என்ற தற்காப்பு ஆட்டக்காரரை விலைக்குத் தருவீர்களா என்று கேட்டார். அவரைத் தருவதற்கில்லை என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கையில், அறையிலிருந்த மானேஜர் அலெக்ஸ் பெர்குசன், காண்டோனாவைத் தருவார்களா என்று கேட்கும்படி சைகை காட்டினார். பெர்குசன் முன்பே ஹூலியேயிடம் விசாரித்து வைத்திருந்தார். தம் தற்காப்பு ஆட்டக்காரர்கள் இருவர், லீட்ஸோடு மோதிய ஆட்டத்துக்குப் பிறகு, அந்தப் பிரெஞ்சுக்காரரைத் தடுப்பது எவ்வளவு கஷ்டமென்று பேசிக்கொண்டதையும் காதில் வாங்கியிருந்தார். பன்னிரண்டு லட்சம் பவுனுக்குப் பேரம் முடிந்தது. நவம்பர் 26-ஆம் தேதி காண்டோனா தம் எட்டாவது வாசலுக்குள் நுழைந்தார்.

இங்கே பெர்குசனைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேசவேண்டும், ஏனெனில் இந்தக் கதையை வாசகர்கள் ஒரு கருணை மிகுந்த பெரியவர் வழிதவறிய பிள்ளையை மன்னித்து ஏற்றுக்கொண்ட கதையாக எண்ணிக்கொள்வது எளிது, அது உண்மையன்று. கிளாஸ்கோவின் கப்பல் கட்டும் பகுதியான கோவனில் பிறந்து, கருவிப் பட்டறையில் தொழில் பழகி, தொழிற்சங்கத்தில் நின்று வேலைநிறுத்தம் நடத்தியவர் அவர். கோபத்தில் துர்வாசரையும் பின்னுக்குத் தள்ளக்கூடியவர். 1986-இல் மான்செஸ்டருக்கு வந்தபோது அந்த அணியில் குடிப்பழக்கம் ஊறிக் கிடந்ததைக் கண்டு, அதற்குத் தலைவர்கள் என்று அவர் கருதிய இரு அபூர்வ ஆட்டக்காரர்களை, நார்மன் வைட்சைடையும் பால் மெக்ராத்தையும், 1989-இல் சிறிதும் தயங்காமல் வெளியேற்றினார். மெக்ராத் டப்ளின் நகரத்து அநாதை விடுதிகளில் வளர்ந்தவர். முழங்கால்கள் பலமுறை அறுவை சிகிச்சை கண்டவை. குடி அவரை விடவில்லை. இனி இவரால் ஆட இயலாதென்றே மான்செஸ்டரில் முடிவு கட்டினார்கள்.

அந்த மெக்ராத்தை ஆஸ்டன் வில்லா அணி வாங்கிற்று. அங்கே அவருடைய முழங்கால்களை உத்தேசித்து, மற்றவர்கள் பயிற்சி செய்யும் நாட்களில் அவரை ஓய்வெடுக்க விட்டார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்தால் போதுமென்றார்கள். 1992-93 பருவத்தில் லீகின் முதலிடத்துக்குக் கடைசிவரை போராடிய இரண்டு அணிகள் எவை என்று நினைக்கிறீர்கள்? காண்டோனாவைப் பெற்ற மான்செஸ்டர் யுனைடெட். மெக்ராத்தைப் பெற்ற ஆஸ்டன் வில்லா. சாம்பியன் பட்டம் மான்செஸ்டருக்கு வந்தது, 1967-க்குப் பிறகு முதல் முறையாக; ஆனால் அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்று சக ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தது மெக்ராத்தை. மறு வருஷம் அதே பரிசு காண்டோனாவுக்கு வந்தது.

ஒரே மனிதர் ஒருவரைத் துரத்தினார், மற்றொருவரை வரவேற்றார். துரத்தப்பட்டவர் வேறிடத்தில் தழைத்தார். எனக்கு இதில் பெரிய முரண்பாடு தெரியவில்லை. காண்டோனாவின் குற்றங்கள் பெரும்பாலும் பலர் கண்ணெதிரே ஒரு கணத்தில் வெடித்து முடிந்தவை; அவற்றில் பெரும்பாலானவை தமக்கு அநியாயம் நடந்துவிட்டது என்ற நினைப்பிலோ, தம்மைச் சிறுமைப்படுத்திவிட்டார்கள் என்ற எண்ணத்திலோ பிறந்தவை. உழைப்பில் அவர் சோம்பியதாக எந்தக் கிளப்பும் குறை கூறவில்லை. மான்செஸ்டருக்கு வந்தபின், பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்புகையில், தமக்குப் பந்து கொடுக்க இளைஞர் சிலரையும் ஒரு கோல்காவலரையும் கேட்டு வாங்கிக்கொண்டு, மேலும் அரை மணி நேரம் தனியே அடித்துப் பழகினார் என்றும், அதைப் பார்த்த இளைஞர்கள் தாமும் தங்கிப் பழகத் தொடங்கினார்கள் என்றும் பெர்குசன் பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த இளைஞர்களின் தலைமுறையில்தான் பெக்கம், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்கள் எல்லோரும் இருந்தார்கள். கோபதாபம் மிகுந்த பெர்குசனுக்குக் கோபக்காரனைப் புரிந்துகொள்வது சுலபம். குடிக்கிறவனைப் புரிந்துகொள்ளும் பொறுமை அவருக்கு வாய்க்கவில்லை. வில்லாவில் அந்தப் பொறுமை இருந்தது.

புரிந்துகொண்டதும் அவர் செய்த காரியம், மற்ற ஆட்டக்காரர்கள் பார்த்தால் பக்ஷபாதம் என்றே சொல்லத்தக்கது. மற்றவர்கள் மேல் இடியாக விழும் அவர் வாய், காண்டோனாவிடம் மட்டும் உயராது. தினந்தோறும் அவரோடு தனியே சில வார்த்தை பேசுவார். விருந்துக்கு எல்லோரும் விதிப்படி உடுத்தி வர, காண்டோனா தம் இஷ்டப்படி வந்து நின்றாலும் மானேஜர் கண்ணுக்கு அது தெரியாது. சமநீதியில் நம்பிக்கையுள்ள எனக்கு இது உவப்பாக இல்லைதான். ஆனால் அணியில் ஒருவரும் கலகம் செய்யவில்லை. அவர் வந்த பிறகு வாரந்தோறும் பந்து வலைக்குள் போவதை அவர்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்! 1993-94 பருவத்தில் லீக், கால்பந்துச் சங்கக் கோப்பை இரண்டையும் அணி வென்றது. செல்ஸியை 4-0 என்று வென்ற கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டு பெனால்டிகளைக் காண்டோனாவே அடித்தார்.

சுபாவம் மாறிவிட்டதா என்றால், இல்லை. அதே பருவத்து மார்ச் மாதத்தில் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் வெளியேற்றப்பட்டு ஐந்து ஆட்டங்களுக்குத் தடை பெற்றார். பிறகு வந்தது 1995-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி இரவு. லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் அணியின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்தில், எதிராளியை உதைத்ததற்காகச் சிவப்பு அட்டை பெற்று நடந்து வந்துகொண்டிருந்தவரை, படிகளில் இறங்கிவந்து வேலியருகே நின்ற ரசிகர் ஒருவர் வைதார். காண்டோனா வேலியைத் தாண்டும்படி பாய்ந்து அவரை உதைத்தார். எழுந்து குத்தவும் செய்தார். வைத ரசிகரும் பின்னாளில் நீதிமன்றம் ஏறித் தண்டனை பெற்றார் என்பது உண்மையே. ஆயினும் டிக்கெட் வாங்கி வந்தவரைத் தாக்கிய குற்றம் அதனால் ஒரு சிறிதும் குறைந்துவிடாது. வசை பொறுப்பது ஆட்டக்காரனுக்குக் கொடுக்கப்படும் சம்பளத்தில் சேர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உதைப்பது நிச்சயமாகச் சேர்ந்ததன்று.

கிளப் இருபதாயிரம் பவுன் அபராதம் விதித்து, பருவம் முடியும்வரை விலக்கி வைத்தது. ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் மேலும் பத்தாயிரம் விதித்து, தடையைச் செப்டம்பர் 30 வரை நீட்டியது. பிரெஞ்சு அணியின் தலைமைப் பதவி போயிற்று. குராய்டன் நீதிமன்றம் இரண்டு வாரச் சிறைத் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் அது 120 மணி நேரச் சமூக சேவையாக மாறி, அந்த மணிகளை அவர் மான்செஸ்டர் பகுதிச் சிறுவர்களுக்குப் பந்தாட்டம் கற்றுக்கொடுத்துக் கழித்தார். தீர்ப்பு வந்த தினத்தில் பத்திரிகையாளர் கூட்டத்தில், மீன்பிடிப் படகின் பின்னால் கடற்பறவைகள் ஏன் பறக்கின்றன என்பதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்லி எழுந்து போய்விட்டார். அதற்குத் தத்துவார்த்தம் தேடிப் பத்தி பத்தியாக எழுதினார்கள். அது கூடியிருந்த பத்திரிகைக்காரர்களைப் பார்த்துச் செய்த பரிகாசம் என்பதற்கு மேல் அதில் ஆழ்ந்த பொருள் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அவர் இல்லாத அணி லீகை ஒரே ஒரு புள்ளியில் பிளாக்பர்னிடம் இழந்தது; கோப்பை இறுதியாட்டத்திலும் தோற்றது. விற்றுவிடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள்; இத்தாலியில் இன்டர் மிலான் வாங்கக் காத்திருந்தது. கிளப்போ புது ஒப்பந்தம் போட்டது. ஆனால் ஆகஸ்டு மாதத்தில், கதவை மூடிக்கொண்டு நடத்திய ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவர் ஆடியது தடையை மீறியதாகுமா என்று சங்கத்தார் விசாரிக்கத் தொடங்கவே, இங்கிலாந்தே வேண்டாமென்று காண்டோனா பாரிஸுக்குப் போய்விட்டார். பெர்குசன் விமானம் ஏறிப் பாரிஸுக்குச் சென்றார். பத்திரிகைக்காரர்கள் கண்ணில் படாமல் ஓட்டலின் பின்வழியாக வெளியேறி, மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து, சந்துகள் வழியாகப் போய், ஒரு சிற்றுண்டிச்சாலையில் அவரைச் சந்தித்து, பழைய கால்பந்து ஆட்டங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்து, திரும்பி வரும்படி செய்தார். ஐம்பத்து மூன்று வயதில், இங்கிலாந்தின் மிகப் பெரிய கிளப்பின் மானேஜர், மோட்டார் சைக்கிளின் பின்னால் தொற்றிக்கொண்டு போன அந்தச் சவாரியை அவர் தம் வாழ்வின் நல்ல காரியங்களில் ஒன்றாகவே பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1995 அக்டோபர் 1-ஆம் தேதி லிவர்பூலுக்கு எதிராகத் திரும்பி வந்த காண்டோனா, இரண்டாவது நிமிடத்திலேயே நிக்கி பட் கோல் அடிக்கப் பந்து கொடுத்தார். பிறகு தாமே ஒரு பெனால்டியை அடித்தார். அந்த வருஷத்து அணி பெரும்பாலும் சிறுபிள்ளைகள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு எதுவும் ஜெயிக்க முடியாதென்று தொலைக்காட்சியில் நிபுணர் ஒருவர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஜனவரியில் நியூகாசில் பன்னிரண்டு புள்ளிகள் முன்னால் இருந்தது. மார்ச் 4-ஆம் தேதி நியூகாசிலின் சொந்த மைதானத்தில் காண்டோனா அடித்த ஒரே கோலில் மான்செஸ்டர் வென்றது. ஆர்சனல், டாட்டன்ஹாம், கவென்ட்ரி ஆகிய மூன்று ஆட்டங்களும் அப்படியே 1-0. மூன்றிலும் கோல் அவருடையது. லீக் கைக்கு வந்தது. மே 11-ஆம் தேதி வெம்பிளியில் அணித் தலைவராகக் கோப்பை இறுதியாட்டத்தில் இறங்கி, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில், கூட்டத்துக்கு நடுவே பின்வாங்கிக்கொண்டே அடித்த கோலால் லிவர்பூலை வீழ்த்தினார். அந்த வருஷம் கால்பந்து எழுத்தாளர்கள் தேர்ந்த சிறந்த ஆட்டக்காரர் அவரே. பதினைந்து மாதங்களுக்கு முன் அவரை ஆயுள் முழுதும் தடை செய்யவேண்டுமென்று எழுதியவர்களும் அந்த எழுத்தாளர்களிடையே இருந்தார்கள். அவர்கள் எப்படி வாக்களித்தார்களோ, நாம் அறியோம்!

முக்கியமாக, செல்ஹர்ஸ்ட் பார்க்குக்குப் பிறகு அவர் அந்த மாதிரிக் காரியம் எதிலும் இறங்கவில்லை. வெளியூர் மைதானங்களில் வசை குறையவில்லை. காதில் விழாதவர்போல் நடந்தார். சிக்ஷை அவரைத் திருத்திற்றா, பாரிஸுக்குத் தேடி வந்த மனிதரின் முகம் திருத்திற்றா என்று கேட்டால், நான் இரண்டாவது பக்கமே சாய்வேன். இதில் ஒரு கசப்பும் உண்டு. ஒரு சாதாரண ஆட்டக்காரர் ரசிகரை உதைத்திருந்தால் அவரைத் தேடி யாரும் விமானம் ஏறியிருக்கமாட்டார்கள். காண்டோனாவின் கால்கள் அவருக்கு வாங்கிக்கொடுத்த அவகாசம் அது. திறமை குறைந்தவர்கள் ஒரு தவறோடு ஊர் திரும்புகிறார்கள்.

1997 மே மாதத்தில், நான்காவது முறையாக மான்செஸ்டரைச் சாம்பியனாக்கிவிட்டு, முப்பதாவது வயதில், இன்னும் சில வருஷம் ஆட உடம்பில் வலுவிருக்கையில், காண்டோனா ஓய்வு பெற்றார். இந்த முறை யாராலும் அவரை மாற்ற முடியவில்லை. தலைமைப் பதவி போனபின் பிரெஞ்சு அணிக்காக அவர் மீண்டும் ஆடவேயில்லை. அவர் இடத்தில் ஜினடின் ஜிடேன் ஆடிய அந்த அணி 1998-இல் உலகக் கோப்பையை வென்றது. மான்செஸ்டருக்காக 185 ஆட்டங்களில் 82 கோல்கள் அவர் கணக்கு. ஏழாம் எண் சட்டை டேவிட் பெக்கமுக்குப் போயிற்று. ஆட்டக்காரர் நடிகரானார்.

வில்கின்சனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்றவர்களுக்கு ஒரு விதி, இவருக்கு ஒரு விதி என்று வைக்க விரும்பாத மானேஜரை அநியாயக்காரர் என்று எப்படிச் சொல்வது? அவர் தம் விதியைக் காத்தார். காண்டோனாவைப் பன்னிரண்டு லட்சத்துக்கு விற்ற அந்தப் பருவத்தில், நடப்புச் சாம்பியனான லீட்ஸ் வெளியூர் லீக் ஆட்டம் ஒன்றில்கூட வெல்லாமல் பதினேழாவது இடத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த ஊருக்கு இங்கிலாந்தின் சாம்பியன் பட்டம் இன்றுவரை வரவில்லை.